வெயிலில் நின்றுவிட்டுக் குளித்தால் விட்டமின் டி போய்விடுமா?

கேட்டவர் தில்லி மயூர் விஹாரில் இருப்பவர். வயது 43. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. விட்டமின் டி மிகக் குறைந்து 9 என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. தினமும் காலை ஏழரை மணிக்குக் காபியோடு பால்கனி வெயிலில் அரை மணி நேரம் உட்காருகிறார், அப்புறம் சோப்புப் போட்டுக் குளிக்கிறார். "விட்டமின் டி தோலின் எண்ணெயில்தான் உண்டாகிறது. சோப்புப் போட்டால் கழுவிக்கொண்டு போய்விடும். வெயில் பட்டபின் 48 மணி நேரம் குளிக்கக் கூடாது" என்று குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விட்டதுதான் காரணம் என்கிறார் மாமியார். எதை நம்புவது என்று கேட்கிறார்.

தாராளமாகக் குளியுங்கள். வெயிலில் இருந்து வந்த ஐந்தாவது நிமிடம் குளித்தாலும், சோப்புப் போட்டாலும், பீர்க்கங்கூடு வைத்துத் தேய்த்தாலும் உங்கள் விட்டமின் டி குறையாது. உங்கள் 9-க்குக் காரணம் வேறு. அது நீங்கள் எழுதிய நாலு வரியிலேயே இருக்கிறது: ஏழரை மணி, பால்கனி. அதைப் பிறகு சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை. தில்லியில் ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் உயிர்வேதியியல் பகுதியில் வேலை செய்கிறேன். இந்த 9, 11, 14 எல்லாம் தினமும் கண்ணில் படுகிற எண்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சோப்புக் கதை ஏன் தவறு என்பதற்குத் தோலுக்குள் கொஞ்சம் போக வேண்டும். நம் கண்ணுக்குத் தெரியும் மேல்தோலின் மேற்பரப்பு செத்த செல்களால் ஆனது. குளிக்கும்போது உருண்டு உருண்டு வருவது அதுதான். அதன் மேல் தோல் சுரக்கும் எண்ணெய்ப் பசை கொஞ்சம் படர்ந்திருக்கும். சோப்பு எடுப்பது இந்தப் பசையையும் உதிரப்போகும் செல்களையும் மட்டும். விட்டமின் டி பெரும்பாலும் உண்டாவது அதற்கும் கீழே, உயிரோடு இருக்கும் செல்களின் சவ்வில். அங்கே 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால் என்ற பொருள் இருக்கிறது. நம் உடம்பு கொலஸ்ட்ரால் செய்யும் வழியில் கடைசிப் படிக்கு முந்தைய பொருள் அது. சூரியனின் புறஊதா ஒளியில் யூவி-பி என்கிற பகுதி, அலைநீளம் சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் வரை, அந்தப் பொருளின் மேல் பட்டதும் அதில் ஒரு வளையம் உடைகிறது. உடைந்தது ப்ரீவிட்டமின் டி3. அது உடம்புச் சூட்டிலேயே சில மணி நேரத்தில் விட்டமின் டி3 ஆகத் திரும்புகிறது. அந்த உருவம் செல்லின் சவ்வில் ஒட்டி நிற்காது, வெளியே வந்துவிடும். பக்கத்து ரத்தக் குழாயில் அதற்கென்றே இருக்கும் ஒரு புரதம் அதைப் பிடித்துக்கொண்டு போகும். கல்லீரலில் 25-ஹைட்ராக்ஸி விட்டமின் டி ஆகும். உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் 9, அதாவது ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 9 நானோகிராம், இதன் அளவுதான். இதைச் சிறுநீரகம் கடைசி உருவத்துக்கு மாற்றுகிறது. குடலிலிருந்து கால்சியத்தை இழுப்பது அந்தக் கடைசி உருவம்.

இதில் எந்தக் கட்டத்திலும் சோப்புக்கு எட்டுகிற இடத்தில் எதுவும் இல்லை.

இது ரத்தத்தில் போய் வேலை செய்கிற பொருள் என்பதற்கு நூறு வருடத்துக்கு முந்தைய சாட்சியம் ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது. 1919-ல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற குழந்தை மருத்துவர், கால் வளைந்து எலும்பு மெலிந்த ரிக்கெட்ஸ் குழந்தைகளைப் புறஊதா விளக்கின் கீழ் வைத்துக் குணப்படுத்தினார். ஒரு கையில் மட்டும் விளக்கு வெளிச்சம் படும்படி வைத்தும் பார்த்தார். வெளிச்சமே படாத இன்னொரு கையின் எலும்பும் எக்ஸ்ரேயில் சரியாகிக்கொண்டு வந்தது. விட்டமின் டி என்ற பெயரே அப்போது கிடையாது, அது 1922-ல்தான் வந்தது. ஆனால் தோலில் ஏதோ ஒன்று உண்டாகி ரத்தத்தோடு உடம்பு முழுக்கப் போகிறது என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

அப்படியானால் எண்ணெய், சோப்பு என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? முழுக்கக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. பறவைகளுக்கு வாலடியில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அலகால் அதைத் தொட்டு இறகில் பூசிக்கொள்ளும், வெயில் பட்ட பிறகு மறுபடி கோதும்போது விழுங்கும். அதில் விட்டமின் டி இருக்கலாம் என்று 1920-30களில் ஆராய்ந்தார்கள். அடுத்தது ஆடு. இன்று கடையில் விற்கும் விட்டமின் டி3-ல் பெரும்பகுதி செம்மறி ஆட்டு ரோமத்தைக் கழுவி எடுக்கும் கொழுப்பிலிருந்து, அதைப் பக்குவப்படுத்திப் புறஊதா ஒளி காட்டித் தயாராவது. ரோமத்தைக் கழுவினால் மூலப்பொருள் வருகிறது என்றால் மனிதத் தோலைக் கழுவினாலும் வராதா என்று தோன்றுவது இயல்பு. 1937-ல் வெளியான ஒரு சிறு ஆய்வும், மனிதத் தோலைக் கழுவிய நீரில் விட்டமின் டி-யின் மூலப்பொருள் வருகிறது என்று எழுதியது. பிறகு 1970-80களில் அமெரிக்காவில் மைக்கேல் ஹாலிக் குழுவினர் தோலை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்த்தபோது, பெரும்பகுதி உற்பத்தி உயிருள்ள அடுக்குகளில்தான் என்று உறுதியானது. 1937-ன் அந்தப் பழைய வரிகளை எடுத்து வைத்துக்கொண்டுதான் இன்றும் வாட்ஸ்ஆப் செய்தி சுற்றுகிறது.

48 மணி நேரக் கணக்கில் ஒரு பாதி உண்மை கலந்திருக்கிறது. வெயில் பட்ட பிறகு ரத்தத்தில் டி3 உச்சத்துக்கு ஏற ஒரு நாளோ அதற்குக் கொஞ்சம் மேலோ ஆகும். அவ்வளவு நேரமும் அது தோலின் மேல் காய்ந்துகொண்டிருப்பதாக யாரோ நினைத்துவிட்டார்கள். உள்ளே நடக்கிற வேலைக்கு ஆகும் நேரம் அது. ஜூன் மாதம் தில்லியில் இரண்டு நாள் குளிக்காமல் இருந்தால் வேர்க்குருவும் படையும்தான் மிச்சம். இந்தச் செய்தியை நம்பிக் கைக்குழந்தையைக் குளிப்பாட்டாமல் வைத்திருந்த ஒரு வீட்டை எனக்குத் தெரியும். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, மாமியார் சொன்ன எண்ணெய்க் குளியல். அவர் காரணத்தைத் தவறாகச் சொல்லியிருக்கலாம், ஆனால் சரியான இடத்தைத்தான் காட்டுகிறார். நல்லெண்ணெயில் விட்டமின் டி கிடையாது. எண்ணெய் பூசிய தோல் கூடுதலாக எதையும் தயாரிப்பதும் இல்லை. ஆனால் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் நம் ஊரில் என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஆண்பிள்ளைகள் இடுப்பில் ஒரு துண்டோடு, உடம்பெல்லாம் எண்ணெய் வடிய, முற்றத்திலோ கிணற்றடியிலோ அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். சனிக்கிழமைச் சமையலும் மற்ற வேலையும் முடிந்து வெந்நீர் காய்ந்து கிணற்றடிக்குப் போகும்போது வெயில் நன்றாக ஏறியிருக்கும். முதுகு, மார்பு, தொடை, கை எல்லாம் திறந்தபடி வானத்துக்குக் கீழே. செவ்வாய், வெள்ளிகளில் பெண்கள் குளித்துவிட்டுத் தலைமுடி உலர்த்த மொட்டை மாடிக்கோ பின்கட்டுக்கோ போவார்கள். மற்ற நாட்களிலும் ஆறு, குளம், வாய்க்கால், பம்புசெட் என்று குளியல் வெளியில்தான். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று வெயிலில் அலையாதே என்று பெரியவர்கள் சொன்னது குளித்த பிறகு உள்ள நேரத்துக்கு. குளிப்பதற்கு முன்பே உடம்புக்கு வேண்டிய வெயில் கிடைத்துவிட்டிருக்கும்.

தில்லி ஃபிளாட்டில் குளியல் எங்கே நடக்கிறது? ஐந்தடிக்கு ஆறடி அறை, எக்ஸாஸ்ட் ஃபேன், கீசர், ட்யூப் லைட். குளியலுக்கும் விட்டமின் டி-க்கும் உள்ள உறவு இங்கேதான் அறுந்தது. சட்டையைக் கழற்றிக்கொண்டு வானத்தின் கீழ் நிற்கிற ஒரே சந்தர்ப்பம் நமக்குக் குளியலாகத்தான் இருந்தது. அது நாலு சுவருக்குள் வந்துவிட்டது. அதற்கு ஈடாக வேறு எந்த நேரத்தையும் நாம் வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே எண்ணெய்க் குளியலை மறுபடி ஆரம்பித்து, அதைப் பாத்ரூமிலேயே முடித்தால், உடம்பு வலிக்கு நன்றாக இருக்கும், தூக்கம் வரும், விட்டமின் டி 9-லேயே நிற்கும்.

இனி உங்கள் ஏழரை மணிக்கு வருகிறேன். காலை இளவெயில்தான் உடம்புக்கு நல்லது என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தவர்கள். கண்ணுக்கு இதம், மனதுக்கு நல்லது, தூக்கக் கடிகாரம் சரியாக ஓடவும் உதவும். விட்டமின் டி-க்கு மட்டும் அதனால் பிரயோஜனம் கிட்டத்தட்ட இல்லை. சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒளி காற்று மண்டலத்தில் சாய்வாக நீண்ட தூரம் வர வேண்டியிருக்கிறது. வழியில் ஓசோன் யூவி-பி-யைப் பெரும்பாலும் உறிஞ்சிவிடும். விடியலில் சூரிய நமஸ்காரம் செய்கிறவர்களுக்கும், பூங்காவில் ஆறு மணிக்கு நடக்கிறவர்களுக்கும் விட்டமின் டி குறைவாக வருவதைப் பார்த்துப் பலர் குழம்பிப் போகிறார்கள். நடையில் குறை இல்லை, நேரம்தான் ஒத்துவரவில்லை.

எந்த நேரம் என்று தெரிந்துகொள்ள கருவியோ ஆப்போ வேண்டாம். நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் யூவி-பி போதுமான அளவு வருகிறது. நீளமாக இருந்தால் குறைவு. தில்லிக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு முக்கியமான விஷயம் தெரியும். ஜூனில் காலை ஒன்பது மணிக்கே நிழல் குட்டையாகிவிடும். மார்ச் மூன்றாம் வாரத்தில் பத்து மணிக்கு. அக்டோபர் நடுவில் பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால். பிப்ரவரி நடுவில் பதினொன்று இருபதுக்கு மேல், அதுவும் இரண்டு மணிக்குள் முடிந்துவிடும். நவம்பர் முதல் வாரம் தாண்டி பிப்ரவரி முதல் வாரம் வரை, உச்சிவேளையில்கூட தில்லியில் உங்கள் நிழல் உங்களைவிட நீளம்தான். டிசம்பர் 21 அன்று உச்சியில் சூரியன் அடிவானத்திலிருந்து 38 டிகிரி உயரம் மட்டுமே ஏறுகிறது. அதே நாளில் சென்னையில் 53 டிகிரிக்கு மேல். சென்னையில் மார்கழி மத்தியானத்தில் கிடைக்கிற யூவி-பி இங்கே கிடைக்காது. ஊரில் இருக்கும் அக்கா, தம்பிகளோடு ஒப்பிட்டு "அவங்களும் வீட்டுக்குள்ளதான் இருக்காங்க, எனக்கு மட்டும் ஏன்" என்று கேட்கும் தில்லித் தமிழர்களுக்கு இதில் ஒரு பகுதி விடை இருக்கிறது. இன்னொரு சின்ன விஷயம்: தில்லியில் சூரியன் உச்சிக்கு வருவது சரியாகப் பன்னிரண்டுக்கு அல்ல, பருவத்தைப் பொறுத்து 12.05-லிருந்து 12.35-க்குள். நடுவேளையைப் பன்னிரண்டேகால் என்று வைத்துக்கொண்டால் போதும்.

திருப்பதியில் வருடம் முழுக்கச் செய்து பார்த்த ஒரு பரிசோதனையும் 2013-ல் வெளிவந்தது. 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால் நிரப்பிய குப்பிகளை மணிக்கு மணி வெயிலில் வைத்து எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார்கள். காலை 11 முதல் மதியம் 2 வரைதான் மாற்றம் அதிகம் என்று வந்தது. திருப்பதியிலேயே அப்படி என்றால், அங்கிருந்து பதினைந்து டிகிரி வடக்கே இருக்கும் நமக்கு ஏழரை மணி எந்த மூலைக்கு?

அடுத்தது பால்கனி. அது திறந்த பால்கனியா, கண்ணாடி போட்டு அடைத்ததா என்று நீங்கள் எழுதவில்லை. தூசிக்கும் குரங்குக்கும் பயந்து இங்கே பாதிப் பேர் அலுமினியச் சட்டமும் கண்ணாடியும் போட்டு அடைத்துவிடுகிறோம். சாதாரண ஜன்னல் கண்ணாடி புறஊதாவின் இன்னொரு பகுதியான யூவி-ஏ-யை விடும், யூவி-பி-யைக் கிட்டத்தட்ட முழுசாகத் தடுத்துவிடும். கண்ணாடிக்குள் உட்கார்ந்தால் சூடு வரும், தோல் கறுக்கும், சுருக்கமும் வரலாம், விட்டமின் டி மட்டும் வராது. காரில் வெயில் அடிப்பதும் அப்படியே. பால்கனி எந்தத் திசை என்பதும் முக்கியம். கிழக்குப் பார்த்ததாக இருந்தால் வெயில் உங்களுக்குக் கிடைப்பதே தேவையில்லாத நேரத்தில்தான்.

உடை. இதை ஜனவரியில் ஆர்.கே. புரம் பக்கம் அரசுக் குடியிருப்புகளின் பூங்காக்களில் நேரிலேயே பார்க்கலாம். மத்தியானம் ஒரு மணி, மூடுபனி விலகி நல்ல வெயில். பாயும் சாக்கும் விரித்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் வேர்க்கடலைத் தோலும் கின்னூ ஆரஞ்சுத் தோலும் குவிந்திருக்கும். மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வந்த நம் மாமிகளும் அதில் இருப்பார்கள். எல்லோரும் சூரியனுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். முதுகின் மேல் ரவிக்கை, அதன் மேல் ஸ்வெட்டர், அதன் மேல் சால்வை. தலையில் ஸ்கார்ஃப், காலில் கம்பளி சாக்ஸ். இரண்டு மணி நேரம் வெயில் காய்ந்துவிட்டு எழுந்து போவார்கள். வெயில் நேரடியாகப் பட்டது கடலை உரித்த விரல்களிலும் கொஞ்சம் கன்னத்திலும்தான். நேரம் சரி, இடம் சரி, திறந்த தோல் இல்லை. இரண்டு கைகளும் தோள் வரை சேர்ந்தால் உடம்புத் தோலில் 18 சதவீதம். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் இன்னொரு 18 வரை. அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு முப்பது, நாற்பது நிமிடம் ஸ்வெட்டர் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, சாக்ஸைக் கழற்றி, புடவையைக் கொஞ்சம் ஏற்றிவிட்டு உட்கார்ந்தால், குறைந்த குளிர்கால யூவி-பி-யிலும் கணக்கு கொஞ்சம் மாறும். காற்று அடிக்காத மூலையாகப் பார்த்து உட்கார்ந்தால் குளிரவும் குளிராது.

தில்லிக் காற்றில் இருக்கும் புகையையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2002-ல் ஒரு மருத்துவ இதழில் வந்த ஆய்வு, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றியது. பழைய தில்லியில் புகை மண்டிய மோரி கேட் பகுதியில் வாழும் குழந்தைகளுக்குச் சராசரி விட்டமின் டி 12 நானோகிராம் அளவில் இருந்தது. அன்றைக்குக் காற்று ஓரளவு நன்றாக இருந்த குர்காவ் பகுதிக் குழந்தைகளுக்கு 27. தரைக்கு வந்து சேரும் யூவி-பி-யும் மோரி கேட்டில் குறைவு என்று காற்றின் மங்கலை அளந்து கணித்தார்கள். பெரியவர்களைப் பொறுத்தவரை எய்ம்ஸ் மருத்துவர்கள் 2000-லேயே தில்லியில் ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் விட்டமின் டி குறைவு என்று எழுதினார்கள். அதில் பார்த்த குழுக்களில் வெளியில் வேலை செய்யும் ராணுவ வீரர்களுக்கு மருத்துவர்களையும் நர்ஸ்களையும்விட அளவு அதிகம். நாள் முழுக்க ஆஸ்பத்திரிக்குள் இருக்கிறவர்களுக்கும் உங்களைப் போல வீட்டில் லேப்டாப் முன்னால் இருக்கிறவர்களுக்கும் நிலைமை ஒன்றுதான். 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம், என்சிஇஆர்டி, புது தில்லி நகராட்சிக் கவுன்சில் எல்லாம் சேர்ந்து "ப்ராஜெக்ட் தூப்" (தூப் என்றால் இந்தியில் வெயில்) என்று ஒன்று ஆரம்பித்தார்கள். பள்ளிக் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தைப் பதினொன்றிலிருந்து ஒரு மணிக்குள் வெயிலில் நடத்தச் சொன்னது அது. உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அது நடக்கிறதா என்று பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். கேட்க வேண்டிய கேள்வி.

அப்படியானால் நீங்கள் என்ன செய்யலாம்? மார்ச் முதல் அக்டோபர் வரை, நிழல் குட்டையான பிறகு, வாரத்தில் நாலைந்து நாள் அரை மணி நேரம் கையும் காலும் திறந்தபடி மொட்டை மாடியில். நம் மாநிறத்துக்கு வெள்ளைத்தோல்காரர்களுக்குச் சொல்லும் பத்து நிமிடம் போதாது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் யூவி-பி-யைத் தடுப்பதால் நமக்குப் பல மடங்கு நேரம் வேண்டும். அதற்காக மே, ஜூன் வெயிலில் பன்னிரண்டு மணிக்குப் போய் நிற்கவே வேண்டாம். அப்போது காலை ஒன்பது, ஒன்பதரைக்கே வேலை ஆகிவிடும். லூ என்கிற அனல்காற்று ஆரம்பிப்பதற்குள் இறங்கிவிடலாம். முகத்துக்கும் தலைக்கும் துணி போட்டுக்கொள்ளுங்கள். தோல் சிவந்து எரியும் வரை நிற்பதால் லாபம் ஒன்றும் இல்லை. ஓரளவுக்கு மேல் தோலில் உண்டாகும் ப்ரீவிட்டமின், அதே வெயிலிலேயே வேலைக்கு உதவாத வேறு பொருட்களாக மாறிவிடும். வெயிலால் விட்டமின் டி நஞ்சாகாமல் இருப்பது இந்த ஏற்பாட்டால்தான். லூபஸ் போன்ற நோய் உள்ளவர்கள், வெயில் ஒத்துக்கொள்ளாத மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்ய வேண்டாம். குளிப்பது இதற்கு முன்னாலோ பின்னாலோ உங்கள் இஷ்டம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு அந்த ஊறல் நேரத்தை மாடியில் கழிக்க முடிந்தால் இரண்டும் ஒன்றாக முடியும். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கொஞ்சம் மறைவு இருந்தால் பெண்களுக்கும் சௌகரியம். அடுக்குமாடிச் சங்கத்தில் பேசி மாடியில் ஒரு பக்கம் தட்டி வைத்து மறைப்புக் கட்டச் சொல்லலாம். மாடிக் கதவைப் பூட்டி வைக்கும் வழக்கம் உள்ள சங்கங்களிடம் முதலில் சாவியைக் கேட்க வேண்டும்.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 9 என்பது வெயிலை மட்டும் நம்பியிருக்கிற அளவு இல்லை, அதுவும் குளிர்காலம் வரப்போகிறது என்றால். மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலும் 60,000 யூனிட் பாக்கெட்டையோ கேப்ஸ்யூலையோ வாரம் ஒன்று வீதம் எட்டு வாரத்துக்கு எழுதுவார்கள், பிறகு பராமரிப்பு அளவு. கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் வெறும் வயிற்றில் தண்ணீரில் கலக்காமல், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகோ ஆடை எடுக்காத பாலிலோ சாப்பிடுங்கள். வாரத்துக்கு ஒன்று என்பதை நாளுக்கு ஒன்று என்று புரிந்துகொண்டு மாதக்கணக்கில் சாப்பிட்டுவிட்டு, வாந்தி, தீராத தாகம், மலச்சிக்கல், தடுமாற்றம் என்று வந்து, கால்சியம் ஏறிச் சிறுநீரகம் வரை பாதித்த ரிப்போர்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். பாக்கெட் அட்டையின் மேலேயே பேனாவால் "ஞாயிறு மட்டும்" என்று எழுதி வையுங்கள். ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாள் தேவை 600 யூனிட் என்பதையும், மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் நாளுக்கு 4,000-ஐத் தாண்டக் கூடாது என்பதையும் பார்த்தால் 60,000 எவ்வளவு பெரிய அளவு என்று புரியும். சிறுநீரகக் கல் வந்தவர்கள், காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காசநோயில் உடம்பு விட்டமின் டி-யைக் கட்டுப்பாடில்லாமல் கடைசி உருவத்துக்கு மாற்றிக் கால்சியத்தை ஏற்றிவிடலாம்.

சாப்பாட்டில் இதை ஈடுகட்ட முடியுமா என்றால், சைவத்தில் மிகக் கொஞ்சம்தான். முட்டை மஞ்சள் கருவில் சுமார் 40 யூனிட். மத்தி, கானாங்கெளுத்தி சாப்பிடுகிறவர்களுக்குப் பரவாயில்லை. பால் பாக்கெட்டிலும் எண்ணெய் டின்னிலும் நீல நிறத்தில் "+எஃப்" முத்திரை இருந்தால் விட்டமின் ஏ-யும் டி-யும் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பாலிலும் லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட்தான். காளானை நறுக்கி மத்தியான வெயிலில் வைத்தால் அதில் விட்டமின் டி-யின் இன்னொரு வகையான டி2 உண்டாகும், இது உண்மை. டி3 ஆட்டு ரோமத்திலிருந்து வருவது என்று முன்னால் சொன்னது சில சைவ வீடுகளில் சங்கடமாக இருக்கலாம். பாசிக்காளான் (லைக்கன்) வகையிலிருந்து எடுத்த டி3 தனியாகக் கிடைக்கிறது, அட்டையில் பார்த்து வாங்கலாம். விட்டமினோடு கால்சியமும் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். கால்சியம் குறைந்த சாப்பாட்டில் உடம்பு விட்டமின் டி-யை வேகமாகச் செலவழித்துவிடும். நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். தில்லிக் கடைகளில் மண்டுவா என்று கேட்டால் கேழ்வரகு மாவு கிடைக்கும்.

உங்கள் மாமியாரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுபதைத் தாண்டிய தோல், இளவயதுத் தோல் தயாரிப்பதில் பாதிகூடத் தயாரிக்காது. கீழே விழுந்தால் இடுப்பெலும்பு முறிகிற வயதும் அதுதான். அவர் புடவையும் அரைக்கை ரவிக்கையும் கட்டுகிறவர் என்றால் கை, இடுப்பு, கழுத்து என்று உங்கள் சல்வாரைவிட அதிகத் தோல் வெயிலுக்குக் கிடைக்கும். உங்களோடு மாடிக்கு அழைத்துப் போங்கள். படிக்கட்டு ஈரமில்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்கு டெஸ்ட் எடுக்கலாமா, அப்படியே தினசரி அளவு மாத்திரை கொடுக்கலாமா என்பதை மருத்துவர் சொல்வார். வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் டெஸ்ட் எடுக்க ஓட வேண்டாம். நோய் எதுவும் இல்லாத பெரியவர்களுக்கு வழக்கமாக இந்த டெஸ்ட் தேவையில்லை என்றுதான் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2024-ல் சொன்னது. ரிப்போர்ட்டில் 20-க்கும் 30-க்கும் நடுவில் வந்து, "போதாது" என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருப்பதைப் பார்த்துத் தூக்கம் இழக்கிறவர்கள் நிறைய. 20-க்கு மேல் இருந்தால் பெரும்பாலானவர்களின் எலும்புக்கு அது போதும்.

உங்களுக்கு மட்டும் மறுபடி டெஸ்ட் வேண்டும், மூன்று மாதம் கழித்து. 25-ஹைட்ராக்ஸி ரத்தத்தில் பாதியாகக் குறையவே இரண்டு மூன்று வாரம் ஆகும், அதனால் அதற்கு முன்னால் எடுத்தால் சரியான நிலை தெரியாது. அதே பரிசோதனைக் கூடத்தில் எடுங்கள். ஒவ்வொரு இடத்திலும் அளக்கும் முறை வேறு, எண்ணும் கொஞ்சம் மாறும். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னால் நிறுத்திவிடுங்கள். சில கருவிகளில் அது விட்டமின் டி-யைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். 1,25 என்று ஆரம்பிக்கும் டெஸ்டை யாராவது எடுத்துக்கொள்ளச் சொன்னால், உங்களுக்கு வேண்டியது 25-ஹைட்ராக்ஸி என்று சொல்லுங்கள். விலை கூடிய அந்த இன்னொரு டெஸ்ட், விட்டமின் டி நன்றாகக் குறைந்திருக்கும்போதும் சரியாக இருப்பதுபோலவே காட்டக்கூடியது.